மயிலுக்குப் போர்வை! மலைக்கு மாடி!

எத்தனை மாடி?

ஏழு!

எங்கே?

மலைமேல்!

"மலையே ஒரு மாடிதானுங்களே! ஏழாயிரம் அடி உயரத்திலே ஏறி உட்கார்ந்துகொண்டு, அதற்கும் மேலே ஏழு அடுக்கு எதற்குங்க?"

கேட்டவர் கட்டடக் கலை பயின்றவரல்லர். பட்டதாரியுமல்லர். வடகவுஞ்சியிலே ஒரு தேநீர்க் கடை. அதன் வாசலிலே ஒரு பெஞ்சு. அந்தப் பெஞ்சின் ஓரத்திலே, மண்வெட்டியை மடியோடு சாய்த்துக்கொண்டு அமர்ந்திருந்த ஒரு உழவர். கேள்வியைக் கேட்டுவிட்டுத் தேநீரை ஊதிக் குடிக்கலானார். நமக்குத்தான் பதில் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் பக்கத்தில் உள்ள மலையூர் வடகவுஞ்சி. உல்லாசப் பயணிகள் இறங்கிப் படமெடுத்துக் கொள்ளும் ஊரல்ல. காரில் செல்வோர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கடந்து போகும் வட்டாரம். தோட்டத்தில் கூலிக்குப் போகிறவர்களும், கொடைக்கானலில் கட்டட வேலைக்குப் போகிறவர்களும், காட்டை நம்பி வாழ்ந்து இன்று கூலியை நம்பி வாழும் பளியர் குடிமக்களும் உள்ள பகுதி. அங்கே நாம் சென்றது கூட்டம் பேச. பேசி முடித்தது இரவு. மறுநாள் காலையில் பஸ்ஸுக்காகக் காத்திருந்த வேளையில் நம் கையிலிருந்த செய்தித்தாளை ஒரு இளைஞர் வாங்கிப் புரட்டினார். அவர் வாடகைக் கார் ஓட்டுபவர். முதல் பக்கத்தில் செய்தி இல்லை! முழுப் பக்கமும் விளம்பரம். சென்னையிலே எழும்பப் போகும் அடுக்குமாடிக் கோபுரம் ஒன்றின் வண்ணப்படம். உச்சியிலே நீச்சல் குளம். நடுவிலே தோட்டம். தெருவைப் பார்க்கவே தேவையில்லாத வாழ்வு!

அதைப் பார்த்துத்தான் மாடிப் பேச்சு பிறந்தது. "இதைவிட முன்னாலேயே நம்ம மலையிலே ஏழு மாடி எழும்பினதே, மறந்துட்டீங்களா?" என்றார் கடைக்காரர். உடனே உழவரின் கேள்வி.

பெஞ்சில் மூவர் இருந்தனர், கருத்துகளும் மூன்று. உழவர், வேண்டாம் என்றார். கார் ஓட்டும் இளைஞர், "கட்டட்டுமே அண்ணே! ரூம் இருந்தாத்தான் ஆள் வரும், ஆள் வந்தாத்தான் எனக்குச் சவாரி" என்றார். மூன்றாமவர் கொத்தனார். கையிலே தூக்குச்சட்டி, சட்டைப் பையிலே மட்டக்கோல். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "மாடி உசந்தா எனக்கு வேலை நாள் உசரும். ஆனா, ஒவ்வொரு மாடிக்கும் அடியிலே என்ன மண் இருக்குன்னு எனக்குத் தெரியும். கட்டுறவருக்குத் தெரியாது, தங்குறவருக்கும் தெரியாது."

தோழர்களே! பட்டணத்துப் பத்திரிகைகளிலே இந்தப் பொருள் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். கோபுரங்கள் வேண்டும் என்று ஒரு சாரார், கூடாது என்று மற்றொரு சாரார். அந்தப் பெஞ்சிலே நாம் கேட்டதைப்போல் சுருக்கென்று தைத்த பேச்சை அந்தப் பக்கங்களில் நாம் காணவில்லை.

மாடி தமிழனுக்குப் புதிதா? இல்லை. சிலப்பதிகாரத்தைப் புரட்டுங்கள். கோவலனும் கண்ணகியும் இல்லறம் தொடங்கியது எங்கே? உயர்ந்த நிலைகள் கொண்ட மாடத்தின் இடைநிலையில்! பூம்புகார் வணிகன் மகன், மாடி மேல் மாடி வைத்த மனையிலேதான் வாழ்ந்தான். அதே கண்ணகிதான் மதுரைப் புறஞ்சேரியில், ஆயர் குலத்து மாதரி தந்த எளிய மனையிலே, தன் கையால் சமைத்துக் கணவனுக்குப் பரிமாறினாள். மாடத்திலும் வாழ்ந்தாள், மண்மனையிலும் வாழ்ந்தாள். இளங்கோவடிகள் இரண்டையும் காட்டினார். ஆகவே மாடி என்றதும் முகம் சுளிக்கும் பழக்கம் நமக்கில்லை.

1959ஆம் ஆண்டு சென்னை அண்ணாசாலையில், அன்று மவுண்ட் ரோடு, ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் கட்டடம் திறக்கப்பட்டது. 15 அடுக்கு, 177 அடி. சித்தூரிலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வந்தவர்கள் கடற்கரையைப் பார்த்தார்கள், உயிர்க்காட்சி சாலையைப் பார்த்தார்கள், பிறகு எல்.ஐ.சி.யைப் பார்த்தார்கள். கழுத்து வலிக்க அண்ணாந்து எண்ணினார்கள்! பட்டணத்தைக் காட்ட வேண்டுமென்றால் திரைப்படக்காரர்களுக்கு அந்த ஒரு கட்டடம் போதுமானதாக இருந்தது. பெருமைதான், மறுக்கவில்லை. 1975ல் அதே கட்டடத்தில் தீப்பிடித்தபோதுதான், உயரத்தில் பிடித்த தீயை அணைக்க எவ்வளவு நீளமான ஏணி வேண்டும் என்ற எண்ணம் பலருக்குப் பிறந்தது. உயரத்தை முதலில் கட்டுவது, ஏணியைப் பிறகு தேடுவது, இது நம் நாட்டிலே நெடுநாள் வழக்கம்!

"மாடி கட்டினால் நிலம் மிச்சம்" என்பார்கள். பொருளில்லாத வாதமல்ல. சிங்கப்பூரைப் பாருங்கள். நம்மவர் குடியேறி உழைத்து உருவாக்கிய நகரங்களிலே ஒன்று. 1960ல் அங்கே வீட்டு வசதிக் கழகம் அமைத்தார்கள். அடுத்த ஆண்டே, 1961 மே 25ஆம் நாள், புக்கிட் ஹோ சுவீ என்ற குடிசைப் பகுதி தீக்கிரையாயிற்று. ஏறத்தாழ 16 ஆயிரம் பேர் தெருவில் நின்றனர். அந்த இடத்தில் என்ன எழும்பியது? செல்வர்களுக்கு உல்லாச விடுதியா? இல்லை, வீடிழந்தோருக்கு அடுக்கு வீடுகள்! துறைமுகத் தொழிலாளிக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும் மாடி வீடு. இன்று அங்கே வாழும் குடிமக்களிலே பத்துப் பேரில் ஏறத்தாழ எட்டுப் பேர் சர்க்கார் கட்டிய அடுக்கு வீட்டிலேதான் வாழ்கிறார்கள். 50 மாடி உயரத்திலேகூடச் சாதாரண ஊழியர் குடும்பம் துணி உலர்த்துகிறது. உயரம் அங்கே அந்தஸ்தின் அளவுகோலல்ல, இடநெருக்கடிக்குக் கண்ட விடை.

இங்கேயும் அப்படி ஒரு முயற்சி நடக்காமலில்லை. 1970ல் குடிசை மாற்று வாரியம் அமைந்தது. ஓலைக்கூரை இருந்த இடத்திலேயே கான்கிரீட் வீடுகள் எழுந்தன. நல்ல செயல், நாலு பேர் அறிய நெஞ்சு நிமிர்த்திச் சொல்லலாம். பின்னாளில் என்ன ஆயிற்று? குடிசை இருந்த இடத்தின் விலை ஏறிற்று. குடிசைக்காரரின் விலை இறங்கிற்று! அடையாற்றங்கரையிலும் கூவக்கரையிலும் இருந்தோரை லாரியில் ஏற்றிக் கண்ணகி நகருக்கும், செம்மஞ்சேரிக்கும், பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். பெரும்பாக்கத்திலே எட்டு அடுக்குக் கட்டடங்கள், வரிசை வரிசையாக. வீட்டு வேலைக்குச் சென்றுவந்த மூதாட்டிக்கு எட்டாவது மாடியில் வீடு. மின்தூக்கி ஓடினால் வீடு, ஓடாவிட்டால் மலை! வேலையிருந்த இடத்துக்கும் வீடிருக்கும் இடத்துக்கும் நடுவே இரண்டு பஸ். பழைய பெயரை 2021ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். பெயரிலே மேம்பாடு வந்துவிட்டது. மாடிப்படியிலே மூச்சிரைக்கும் மூதாட்டிக்கு அதைப் படித்துக் காட்ட வேண்டும்.

இலண்டனிலும் இதே கதைதான். கென்சிங்டன், சீமான்கள் வாழும் வட்டாரம். அங்கே கிரென்ஃபெல் டவர் என்ற 24 மாடி. அதில் பெரும்பாலும் சாதாரணக் குடும்பங்கள். கட்டடத்தின் புறத்தை அழகுபடுத்தினார்கள். எளிதில் தீப்பற்றும் தகட்டை ஒட்டினார்கள். 2017 ஜூன் 14 நள்ளிரவில் பற்றிய தீ, அந்தத் தகட்டின் மேல் ஏறி உச்சிவரை ஓடிற்று. 72 பேர் மாண்டனர்.

சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தை நம் கட்டடத் தொழிலாளத் தோழர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை. மழை. கட்டி முடியும் நிலையில் இருந்த 11 மாடிக் கட்டடம், சீட்டுக்கட்டு சரிவதுபோல் சரிந்தது. குடியேறக் காத்திருந்தவர் எவரும் உள்ளே இல்லை. இருந்தவர் யார்? கூலி வாங்கச் சேர்ந்திருந்தவர்கள், மழைக்கு ஒதுங்கியவர்கள், கட்டியவர்கள்! 61 உயிர்கள். ஆந்திரத்தின் வடகோடி மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள், நம் மாவட்டங்களிலிருந்து சென்றவர்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து கல் சுமந்த குடும்பங்கள். இடிபாட்டிலிருந்து எடுத்த உடலுக்கு உரியவரைத் தேடி, மொழி தெரியாத உறவினர் மருத்துவமனை வாயிலில் நாட்கணக்கில் நின்றனர். பக்கத்திலே அதே அச்சில் வார்த்த இரட்டைக் கட்டடம் ஒன்று, இரண்டு ஆண்டுக்கு மேல் அப்படியே நின்றது. 2016 நவம்பர் 2ஆம் நாள் மாலையில் வெடிவைத்து அதை வீழ்த்தினார்கள். ஊர் கூடி வேடிக்கை பார்த்தது. தொலைக்காட்சியில் மறுபடி மறுபடி காட்டினார்கள். கட்டடம் விழுவது கண்கொள்ளாக் காட்சி, அடியிலே ஆள் இல்லாதபோது!

கட்டடத் தொழிலாளிக்கென்று 1996ல் மத்திய சட்டம் வந்தது. கட்டுமானச் செலவில் நூற்றுக்கு ஒன்று தீர்வையாகப் பிடித்து, அவர்கள் நலனுக்குச் செலவிட வேண்டும் என்பது ஏற்பாடு. நம் மாநிலத்தில் அதற்கு முன்பே நலவாரியம் கண்டவர்கள் நாம். கொத்தனாரிடம் கேட்டோம்: "வாரியத்தில் பதிந்திருக்கிறீர்களா அண்ணே?" "பதிஞ்சேன், புதுப்பிக்கலை" என்றார். ஏன்? "அதுக்கு ஒரு நாள் கீழே போகணும். ஒரு நாள் போனா ஒரு நாள் கூலி போச்சு." மலைமேல் இருப்பவருக்கு ஒவ்வொரு அலுவலகமும் கீழே இருக்கிறது! நம் கிளைத் தோழர்கள் இதற்கு ஒரு வழி செய்யலாம். பாரத்தை அவர்கள் எடுத்துச் சென்று வீட்டுக்கு வீடு நிரப்பி வரலாம். கூட்டத்தில் கைதட்டு வாங்குவதைவிட இது சற்றுக் கடினம், அவ்வளவுதான்.

மலைக் கதைக்கு வருவோம். வடகவுஞ்சி பெஞ்சில் தொடங்கிய கதை அதுதானே.

கொடைக்கானல் நேற்று முளைத்த ஊரல்ல என்றாலும், பழமையான பட்டணமுமல்ல. 1845ல் அமெரிக்கப் பாதிரிமார், சமவெளியின் காய்ச்சலுக்கு அஞ்சி மேலேறிக் குடில் அமைத்தனர். 1863ல் லெவிஞ்சு என்ற ஆங்கில அதிகாரி ஓடையை மறித்து ஏரி கண்டார். துரைமார் குதிரையிலும் டோலியிலும் வந்தார்கள். டோலியைத் தூக்கியவன் யார் என்று எந்தக் கல்வெட்டும் கூறவில்லை! பிறகு சாலை வந்தது, மோட்டார் வந்தது, வெள்ளையர் போனார்கள், நம்மவர் வந்தார்கள். 2011 கணக்கெடுப்பின்படி ஊரின் மக்கள் தொகை 36 ஆயிரத்துச் சொச்சம். அந்தச் சின்னஞ்சிறு ஊரின் மேல், கோடை விடுமுறை நாட்களிலே, பட்டணமே ஏறி உட்காருகிறது. உட்கார இடம் வேண்டாமா? விடுதி எழும்பிற்று. விடுதிக்குப் பக்கத்தில் விடுதி. விடுதியின் தலைமேல் விடுதி!

மலை நகரங்களுக்கென்று 1993ல் தனிக் கட்டட விதிகள் வந்தன. மலையிடங்களைக் காக்க 1990 முதலே ஒரு குழுமமும் உண்டு. ஏட்டிலே எல்லாம் உண்டு. அந்தக் காலத்திலேதான் பிளசண்ட் ஸ்டே என்ற விடுதி எழும்பிற்று. அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டி, ஏழு அடுக்காக! பழனிமலைப் பாதுகாப்பு மன்றம் என்ற அமைப்பு எதிர்த்தது. விதியை மீறிய மாடிகளை இடிப்பதற்கு மாறாக, 1994 மே திங்களில் அந்த விடுதிக்கு விதியிலிருந்து விலக்களித்து அரசாணை பிறந்தது. விதிக்குக் கட்டடம் வளையவில்லை. கட்டடத்துக்கு விதி வளைந்தது! மன்றத்தார் வழக்காடினர். 1995ல் சென்னை உயர்நீதிமன்றம் அந்த ஆணையை ரத்துச் செய்தது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது.

பிறகு நடந்தவை நாடறியும். விலக்களித்தது குறித்து ஊழல் வழக்குத் தொடரப்பட்டு, 2000 பிப்ரவரி 2ஆம் நாள், முன்னாள் முதலமைச்சர் ஜெயலலிதா உள்ளிட்டோருக்குத் தனி நீதிமன்றம் ஓராண்டுத் தண்டனை விதித்தது. 2001 டிசம்பர் 4ஆம் நாள் உயர்நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. தண்டனையை மட்டும் எழுதி விடுதலையை மறைப்பதும், விடுதலையை மட்டும் எழுதித் தண்டனையை மறைப்பதும் பத்திரிகைக்கு அழகல்ல. இரண்டையும் எழுதிவிட்டோம்.

நம் நெஞ்சை விட்டு நீங்காதது தீர்ப்பல்ல. அதே பிப்ரவரி 2ஆம் நாள், தண்டனைச் செய்தி பரவிய சில மணி நேரத்தில், தர்மபுரியை அடுத்த இலக்கியம்பட்டியில் நடந்தது. கோவை வேளாண்மைப் பல்கலைக் கழக மாணவியர் சுற்றுலா சென்ற பஸ்ஸை மறித்துத் தீ வைத்தனர். மூன்று மாணவியர் வெந்து மாண்டனர். உழவைப் படிக்கச் சென்ற பெண்கள்! கொடைக்கானல் மலையில் எவரோ ஒருவர் கட்டிய ஏழு மாடிக்கும் அந்தப் பெண்களுக்கும் என்ன தொடர்பு? அவர்கள் அந்த விடுதியில் ஒரு நாள் தங்கியவர்களா? அதன் கல்லிலே ஒன்றைக் கண்டவர்களா? தீ வைத்தவர்களில் மூவருக்குத் தூக்கு என்றது நீதிமன்றம். 2016ல் உச்சநீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2018ல் அவர்கள் வெளியே வந்தார்கள். பெற்றோரின் வீட்டிலே மூன்று படங்கள், மாலையோடு, அப்படியே இருக்கின்றன.

எந்தக் கட்சியின் கொடி பிடித்தவராயினும் சரி, நம் கொடி பிடித்தவராயினும் சரி, தலைவருக்குத் தண்டனை என்றதும் தெருவில் போகும் பஸ்ஸைத் தேடும் கை, தொண்டனின் கையல்ல. இதை நம் தோழர்களுக்குத்தான் முதலில் சொல்கிறோம். மற்றவர்களுக்குச் சொல்ல அவரவர் பத்திரிகை இருக்கிறது.

ஏழு மாடி வழக்கோடு மலை பாடம் கற்றுக்கொண்டதா? 1993ல் தீட்டிய முழுமைத் திட்டம் கால் நூற்றாண்டுக்கு மேல் திருத்தப்படாமலே கிடந்தது. ஊர் வளர்ந்தது, திட்டம் வளரவில்லை. திட்டத்துக்கு வெளியே வளர்ந்ததெல்லாம் விதிமீறல் ஆயிற்று. 2019ல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பிறப்பித்த உத்தரவுப்படி, விடுதிகளுக்கும் கடைகளுக்கும் பூட்டுப் போட்டு முத்திரை வைத்தார்கள். சட்டம் தூங்கி விழித்தது. விழித்ததும் எதிரே நின்றவரையெல்லாம் அடித்தது! பல நூறு அறை கொண்டவரும், வீட்டுக்கு மேலே இரண்டு அறை கட்டி வாடகைக்கு விட்டவரும் ஒரே பட்டியலில். முன்னவருக்கு வழக்கறிஞர் உண்டு, மேல்முறையீடு உண்டு, மேலிடத்துப் பழக்கம் உண்டு. பின்னவருக்கு? கடன் உண்டு.

பிறகு வண்டிகளைக் கட்டுப்படுத்த வந்தார்கள். 2024 மே 7ஆம் நாள் முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இ-பாஸ் வேண்டும் என்றாயிற்று. 2025ல், கோடைப் பருவத்திலே, கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று நீதிமன்றம் அளவு வைத்தது. நம் வாடகைக் கார் இளைஞருக்கு இதிலேதான் கோபம். "ரோட்டிலே ஓடுற என்னை எண்ணுறாங்க, மலையிலே நிக்கிற கட்டடத்தை எண்ணினாங்களா?" என்றார். நியாயமான கேள்வி! கார் மாலையில் இறங்கிவிடும். கட்டடம் இறங்காது.

உயரம் மட்டும்தானா குற்றம்? இதையும் கொஞ்சம் பார்க்கத்தான் வேண்டும். ஒரு நண்பர், படித்தவர், நம்மிடம் வாதாடினார்: "ஏழு மாடி ஒரே இடத்தில் நின்றால் ஒரு இடத்து மண்தான் கெடும். அதே எழுபது அறையை எழுபது பங்களாவாகப் பரப்பினால் எழுபது இடத்து மண் கெடுமே! எது மேல்?" என்றார். வாதத்தில் வலு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறோம். கீழ்மலையிலே இன்று அதுதான் நடக்கிறது. காப்பியும் வாழையும் விளைந்த சரிவை வாங்கி, கல்லுக்கால் நட்டு, கம்பிவேலி கட்டி, வாரத்தில் இரண்டு நாள் வந்து தங்க வீடு எழுப்புகிறார்கள். விருப்பாட்சி மலைவாழைக்கு 2008ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ல் கிடைத்தது. பெயருக்குச் சான்றிதழ் வந்து சேர்ந்த நேரத்தில், நிலத்துக்கு வாங்குவோர் வந்து சேர்ந்துவிட்டார்கள்!

ஆனால் நண்பரின் கணக்கில் ஒரு புள்ளி விட்டுப் போயிற்று. ஏழு மாடி வந்ததால் எழுபது பங்களா வராமல் நின்றதா? மாடியும் வந்தது, பங்களாவும் வந்தது. சமவெளியில் மாடி கட்டி மிச்சமான இடம் பூங்காவானால் வாதம் நிற்கும். மலையில் மிச்சமான இடம் கார் நிறுத்துமிடமாகிறது!

மண்ணைப் பற்றிக் கொத்தனார் சொன்னதை விளக்கிச் சொல்லியாக வேண்டும். மலைச்சரிவிலே மட்டம் கிடையாது. கட்டுவதற்கு மட்டம் வேண்டும். ஆகவே சரிவை ஒரு பக்கம் வெட்டுகிறார்கள், வெட்டிய மண்ணை மறு பக்கம் கொட்டுகிறார்கள். வெட்டிய பக்கம், பிடிப்பிழந்த சுவர். கொட்டிய பக்கம், இறுகாத மண். அதன்மேல் எடை. சோலைக் காடும் புல்வெளியும் பஞ்சைப்போல் மழையைக் குடித்துச் சிறுகச் சிறுகக் கசியவிடும், கான்கிரீட் குடிக்காது. ஓடையை மறித்துச் சுவர் எழுப்பிவிட்டால், தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி மண்ணுக்குள் நுழையும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் மண் கனத்துவிடும். தடுப்புச் சுவரில் தண்ணீர் வெளியேறக் குழாய் வைத்திருந்தால் பிழைத்தது. வைக்காவிட்டால் சுவர் வயிறு தள்ளும். "சுவர் வயிறு தள்ளினா அங்கே நான் நிக்கமாட்டேன், மேஸ்திரி எவ்வளவு திட்டினாலும் சரி" என்றார் கொத்தனார். இருபது ஆண்டு அனுபவம் பேசிற்று.

அடுத்த மாநிலத்து மலைகளில் கண்டோமே! 2020 ஆகஸ்டில் மூணாறு பெட்டிமுடியில் இரவு மழையில் மண் சரிந்து 70 பேரை விழுங்கிற்று. பெரும்பாலோர் தமிழர், தேயிலைத் தொழிலாளர், லயத்து வீடுகளில் உறங்கியவர்கள். 2024 ஜூலை 30ல் வயநாடு. அங்கெல்லாம் மாடி இல்லை, மழையும் சரிவும்தான். மலை சரிவதற்கு மாடி தேவையில்லை என்று இதைக் காட்டி ஒருவர் வாதிடலாம். மாடி இல்லாமலே சரியும் மலையின்மேல் மாடியை ஏற்றலாமா என்று நாம் கேட்கிறோம்.

உழவர், தண்ணீர் பற்றிச் சொன்னார். இந்த மலைத்தொடரின் வடபுறத்தில் விழும் மழைதான் பாலாறு-பொருந்தலாறு அணைக்கும், வரதமாநதிக்கும், குதிரையாற்றுக்கும் போகிறது. பழனி வட்டாரத்து வயல்களுக்குப் பாய்கிறது. தென்புறத்தில் விழுவது வைகைப் பக்கம் போகிறது. மேலே ஓடையை மூடினால் கீழே வாய்க்கால் காய்கிறது. மேலே ஏழாவது மாடியில் குழாயைத் திருகுகிறவருக்குக் கீழே வாய்க்கால் இருப்பதே தெரியாது.

இந்தப் பழனிமலைக்கு ஒரு காலத்தில் தலைவனாக இருந்தவன் பேகன். கடையெழு வள்ளல்களிலே ஒருவன். மயில் ஒன்று குளிரில் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையை எடுத்துப் போர்த்தினான் என்று சங்கப் புலவர் பாடி வைத்தனர். "மயிலுக்கு எதற்கய்யா போர்வை? அதற்குத்தான் இறகு இருக்கிறதே!" என்று பகுத்தறிவுள்ள நாம் கேட்கலாம், கேட்டும் இருக்கிறோம். ஆனாலும் அவன் போர்வையை எடுத்துத்தான் கொடுத்தான். மயிலின் இடத்தை எடுத்துக்கொள்ளவில்லை!

இடிக்கவே முடியாது, எழும்பியது எழும்பியதுதான் என்று சிலர் கூறுவர். கேரளத்து மரடில் ஏரிக்கரையை ஒட்டி விதிமீறி எழுந்த நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளை 2020 ஜனவரி 11, 12 ஆகிய இரு நாட்களில் வீழ்த்தினார்கள். நொய்டாவில் ஏறத்தாழ 100 மீட்டர் உயர இரட்டைக் கோபுரத்தை 2022 ஆகஸ்ட் 28ல் சில விநாடியில் மண்ணாக்கினார்கள். இரண்டும் உச்சநீதிமன்ற உத்தரவு. முடியும் என்பது தெரிந்துவிட்டது. ஆனால் இடிப்பதை நாம் கொண்டாடவில்லை. அந்தக் கல்லையும் கம்பியையும் சுமந்தவன் நம் ஆள். மரடில் ஆயுள் சேமிப்பைக் கொட்டி வீடு வாங்கிய நடுத்தரக் குடும்பங்களும் கண்ணீரோடு வெளியேறின. அடித்தளம் தோண்டும் நாளிலே ஒரு அதிகாரி வந்து "நிறுத்து" என்றிருந்தால், ஒரு முழக் கயிறும் ஒரு காகிதமும் போதுமே! ஏழாவது மாடிக்குத் தளம் போடும் வரையிலே கண்ணுக்குத் தெரியாத கட்டடமா அது? மலைமேல் நிற்கிறது, மைல் கணக்கில் தெரிகிறது!

ஆகவே நாம் கேட்பது இதுதான். மலைக்கு எத்தனை அறை தாங்கும், எவ்வளவு தண்ணீர் உண்டு என்று வண்டியை எண்ணியதுபோல் எண்ணிச் சொல்லுங்கள். திட்டத்தைத் திருத்தும்போது விடுதி முதலாளிகளை மட்டும் அழைத்துப் பேசாமல், வடகவுஞ்சிக்கும் தாண்டிக்குடிக்கும் பூம்பாறைக்கும் வந்து ஊராரைக் கேளுங்கள். பளியர் குடியிருப்பிலும் கேளுங்கள்; எந்த ஓடை எந்தப் பக்கம் ஓடும் என்று அவர்களுக்குத் தெரியும். இரண்டு அறை கட்டிப் பிழைப்பவருக்கு ஒரு விதி, இருநூறு அறைக்காரருக்கு வேறு விதி என்று எழுதுங்கள். எழுதிய பிறகு விலக்களிக்க ஆணை போடாதீர்கள்.

பஸ் வந்துவிட்டது. கொத்தனார் தூக்குச்சட்டியை எடுத்தார். ஏறும் முன் நம்மிடம் ஒரு சந்தேகம் கேட்டார். அவர் மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. வீடு ஒரே அறை. பக்கத்தில் இன்னொரு அறை போட விண்ணப்பம் கொடுத்து ஓராண்டாகிறது. மலையிடம், ஆகவே பல இலாகாக்களின் ஒப்புதல் வேண்டும் என்கிறார்களாம். ஒவ்வொரு இலாகாவும் மற்றொன்றைக் காட்டுகிறதாம்.

"அந்த ஏழு மாடிக்கு யார்கிட்டே கையெழுத்து வாங்கினாங்கண்ணு உங்களுக்குத் தெரியுமா தம்பி? நானும் அவங்ககிட்டேயே போய்க் கேட்டுப் பார்க்கிறேன்" என்றார்.

பஸ்ஸிலே சிரிப்பொலி எழுந்தது. அவர் சிரிக்கவில்லை. மாசி மாதம் முகூர்த்தமாம்.